குள்ளர் வீட்டின் வாசல்

மதுரைக்கு வடமேற்கே, வத்தலக்குண்டுக்கு மேலே ஏறுகிற பழனி மலைகளில் 'குள்ளர் வீடு' என்று மக்கள் காட்டும் கல்வீடுகளை வைத்து ஒரு நாவல் எழுதி வருகிறீர்கள். அந்தக் குள்ளர் இனத்தின் வரலாறு என்ன, பண்பாடு என்ன, அவர்கள் ஏன் மறைந்தார்கள், ஆங்கிலக் கற்பனைக் கதைகளில் வருகிற தாடி வளர்த்த சுரங்கக் குள்ளர்களைப் போல அவர்களை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேராக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் இனம் அந்த மலையில் வாழ்ந்ததில்லை. ஆனால் அவர்களைப் பற்றிய கதை உண்மையிலேயே இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் தாடியையும் கோடாரியையும் வெளியிலிருந்து வாங்க வேண்டிய தேவை உங்களுக்கு இராது என்று நம்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில், தாண்டிக்குடிப் பக்கம் போயிருந்தேன். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், அதனால்தான் இந்தப் பெயர் என்று அந்த ஊரில் சொல்வார்கள். மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை. அதன் மேல் மூன்று பக்கமும் பலகை போன்ற கற்களை நிறுத்தி, நான்காம் பக்கத்தை மட்டும் பாதி திறந்துவிட்டு, மேலே ஒரே கல்லை மூடியாக வைத்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். சருகும் ஒரு பழைய பாம்புச் சட்டையும் கிடந்தன. முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்காரலாம், படுக்க முடியாது. கூட வந்த தோட்டத்துப் பெரியவர் வெளியிலேயே நின்றுகொண்டார். "குள்ளருங்க கட்டுனது சார். ஆளு ஒரு முழந்தான் இருப்பாங்க, ஆனா யானை பலம். நெருப்பு மழை பெய்யப் போகுதுன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, அதான் கல்லுல வீடு கட்டி உள்ள போயிட்டாங்க" என்றார். அவர் சொன்ன மூன்று செய்திகளும், அதாவது முழ உயரம், யானை பலம், நெருப்பு மழை ஆகியவை, நீங்கள் கேட்ட முழுக் கேள்விக்கும் விதை போன்றவை. ஆகவே அவற்றையே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கல்வீடுகளைத் தொல்லியலார் கற்திட்டை என்பார்கள். மண்ணுக்குள் புதைந்து, மூடுகல் மட்டும் வெளியே தெரிவது கற்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியிருந்தால் கல்வட்டம். பழனி மலையின் கற்திட்டைகளை முதலில் விரிவாக அளந்து எழுதியவர்கள் செண்பகனூரில் இருந்த சேசு சபைக் குருமார்களான ஆங்கிலேடும் நியூட்டனும் ஆவர். அவர்களுடைய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தார்கள். இவையெல்லாம் ஈமச் சின்னங்கள், பெரும்பாலும் கி.மு. முதல் ஆயிரமாண்டையும் அதை அடுத்த சில நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை என்பதில் இன்று ஐயம் இல்லை. அதாவது அது வீடே அன்று. இறந்தவரின் எலும்புகளை வைத்த இடம். உடலை வேறோர் இடத்தில் வைத்துச் சதை நீங்கிய பின் எலும்புகளில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து வந்து, பானைகளோடும் இரும்புக் கருவிகளோடும் மணிகளோடும் உள்ளே வைப்பதே பரவலான வழக்கம். எலும்புகளை வைக்க ஆள் உயர அறை எதற்கு? பல இடங்களில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும். அதை இடுதுளை என்பார்கள். அதன் வழியே கை நுழையும், தலை நுழையும், சிறு பிள்ளை ஒன்று தவழ்ந்து போகலாம். வளர்ந்த ஆள் சிரமப்பட்டுத்தான் போக முடியும்.

இனி, அந்த வழக்கம் மறைந்து பல நூறு ஆண்டுகள் கழிந்த பின், மாடு மேய்க்கவும் தேன் எடுக்கவும் அந்தப் பாறைக்கு வந்த ஒருவரின் நிலையில் நின்று பாருங்கள். நான்கு சுவரும் கூரையும் வாசலும் கண்ணுக்குத் தெரிகின்றன. நான்கு சுவரும் கூரையும் வாசலும் இருந்தால் அது வீடு. வீடு என்றால் அதில் வாழ்ந்தவர் இருக்க வேண்டும். வாழ்ந்தவர் அந்த வாசல் வழியாகப் போய்வந்திருக்க வேண்டும். வாசலை அளந்தால் ஆள் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். குள்ளர் இனம் பிறந்தது அந்த அளவில்தான். அவர்களுடைய எலும்பை யாரும் பார்த்ததில்லை. வாசலை எல்லோரும் பார்த்தார்கள்.

யானை பலம் வந்ததும் இதே கணக்கில்தான். மூடுகல்லைப் பார்த்தால் பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது என்று தெரிகிறது. இந்தக் கற்கள் ஊருக்கு ஊர் பெறும் பெயர்களைக் கவனித்தால் மக்கள் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள் என்பது விளங்கும். தூக்கி வைத்தது யார் என்று கேட்டவர்கள் பீமனை நினைத்து 'பாண்டவர் வீடு' என்றார்கள். நுழைந்தது யார் என்று கேட்டவர்கள் 'குள்ளர் வீடு' என்றும் 'குரங்குப்பட்டடை' என்றும் சொன்னார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மறையூரில் 'முனியறை' என்பார்கள், ஒடுங்கி உட்கார்ந்து தவம் செய்ய ஏற்ற இடம் என்ற எண்ணத்தில். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் 'மோரியர் வீடு'. இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்டு இரண்டுக்கும் ஒரே விடை தேடியவர்தான் நான் தாண்டிக்குடியில் பார்த்த பெரியவர். நுழைந்தவன் முழ உயரம், தூக்கியவனுக்கு யானை பலம், இருவரும் ஒருவரே. கதையின் உறுதி அங்கேதான் இருக்கிறது. அதைக் கலைத்துவிடாதீர்கள்.

சில ஊர்களில் 'வாலியர்' என்றும் சொல்வதுண்டு. கட்டைவிரல் அளவே உயரமுள்ள அறுபதாயிரம் முனிவர்களாகப் பாரதக் கதையில் வரும் வாலகில்லியரின் பெயர் மக்கள் வாயில் தேய்ந்து இப்படி ஆகியிருக்கும் என்பது என் எண்ணம். கருடன் ஒடித்த கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தவம் செய்தவர்கள் அவர்கள்.

இப்படி நினைத்தவர்கள் நம் மக்கள் மட்டும் அல்லர். பிரான்சின் மேற்குக் கடலோரமான பிரிட்டனியில் நம் கற்திட்டையைப் போலவே கல் நிறுத்திக் கல் மூடிய ஈமச் சின்னங்கள் உண்டு. அங்குள்ள நாட்டுப்புறத்தாரும் அவற்றைக் 'கொரிகன்' என்னும் குள்ளர்களின் வீடு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பிரிட்டனிக்கும் பழனி மலைக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்திருக்க முடியாது. ஒரே மாதிரி வாசலைப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலக் கதைகளில் நீங்கள் பார்த்த சுரங்கக் குள்ளர்களின் வேர் வேறு. அது வட ஐரோப்பியப் புராணங்களில் கல்லுக்குள் வாழ்ந்து, கொல்லு வேலையில் வல்லவர்களாக, வெயில் பட்டால் கல்லாகிப் போகிறவர்களாக வரும் ஓர் இனத்திலிருந்து வளர்ந்தது. அந்த மரபுக்கு அதன் அழகு உண்டு. ஆனால் பொன்மேல் பேராசை, கோடாரி, சுரங்கத்து அரசன் எல்லாம் அந்த மண்ணில் அந்த மக்கள் பட்டறிந்தவை. மிளகுக்கொடிக்குக் கீழே அவற்றைக் கொண்டுவந்து நட்டால் வேர் பிடிக்காது.

இங்கே நான் இரண்டாவது கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைக்கதையைவிட அது உங்கள் நாவலுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். மலையில் கற்திட்டை என்றால் சமவெளியில் தாழி, அதாவது இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. மேலூர்ப் பக்கத்தில் எங்கள் அப்பத்தா ஊரில் கிணறு வெட்டும்போது பெரிய தாழி ஒன்று உடைந்து வெளிப்பட்டதாம். அதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தக் காலத்துல ஆளுகளுக்குச் சாவு சீக்கிரம் வராதுடா. வயசாக ஆகச் சுருங்கிச் சுருங்கி, பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாக. வெளக்கு மாடத்துல தூக்கி வச்சுருவாக, பருப்புஞ் சோறும் பெசஞ்சு ஊட்டுவாக. அதுக்கும் மேல முடியலைன்னா தாழியில எறக்கி, குடிக்கத் தண்ணி, திங்கச் சோறு, ஒரு வெளக்கு எல்லாம் வச்சு மூடிருவாக." நான் பயந்துபோய், "உள்ள இருந்து அழுவாங்களா அப்பத்தா?" என்று கேட்டேன். "அழமாட்டாக, பேசிக்கிட்டிருப்பாக. நமக்குத்தான் காது கேக்காது" என்றார்.

முதுமக்கள் தாழியைப் பற்றி இந்தக் கதையைத் தென்மாவட்டங்களில் பலரும் சிறு வேறுபாடுகளோடு கேட்டிருப்பீர்கள். மதமதக்கத் தாழி என்றும் சொல்வார்கள். மலைக்கதைக்கும் இதற்கும் உள்ள உறவைப் பாருங்கள். அங்கே கல்லறை சிறியது, ஆகவே அதில் இருந்தவர் சிறியவர். இங்கே தாழியின் வாய் சிறியது, ஆகவே அதற்குள் போனவர் சிறியவர். கணக்கு ஒன்றுதான். ஆனால் மலைக்கதையில் குள்ளர் வேறு யாரோ, நமக்கு முன்னே இருந்து மறைந்துபோன அயலார். தாழிக்கதையில் குள்ளர் நம் வீட்டுப் பாட்டன் பாட்டி. முதுமையில் உடல் குறுகுவதை எல்லோரும் கண்ணால் காண்கிறோம். அந்தக் குறுகலுக்கு முடிவே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதை யோசித்துப் பார்க்கிறது. எனவே தமிழ் நிலத்தின் குள்ளர் இனம் எது என்று என்னைக் கேட்டால், நம் இறந்தவர்கள்தாம் என்பேன். உங்கள் நாவலின் அச்சு இதுவாக இருக்க வேண்டும் என்பதே இந்தப் பதிலில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது.

உண்மையில் அந்தத் தாழிகளில் இருந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அறிய மதுரையிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. கீழடியில் வாழ்ந்தவர்களின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2020 முதல் தோண்டி வரிசை வரிசையாகத் தாழிகளை எடுத்தது. அவற்றில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து மரபணு ஆய்வாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். அங்கே எடுத்த இரண்டு மண்டையோடுகளிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகங்களை உருவாக்கி 2025-இல் காட்டினார்கள். தெற்கு மாசி வீதியில் எதிரே வந்தால் வழிவிட்டு நடந்து போகிற சாதாரண முகங்கள் அவை. வளர்ந்த ஆளின் உடலைக் குந்தவைத்தும் தாழியில் இறக்கலாம், எலும்பை மட்டும் பொறுக்கியும் போடலாம். அதற்கு யாரும் சுருங்க வேண்டியதில்லை. இந்த வழக்கங்கள் மறக்கப்படுவதற்கு முன்பே தமிழ் இலக்கியம் அவற்றைப் பதிவு செய்துவைத்திருக்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை இறந்தோரைச் சுடுவோர், வெளியில் இடுவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த அறையில் அடைப்போர், தாழியில் கவிப்போர் என்று ஐந்து வகையினரை ஒரே மூச்சில் சொல்கிறது. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு காடெல்லாம் கடந்து வந்த சிறு பல்லியைப் போல அவனோடு வந்த எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து கொடு என்று குயவனைக் கேட்கிறாள். தாழியின் அளவைப் பற்றிய கவலை அவளிடமே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பல்லி அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும் அந்த உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தாவின் பூனைக்குட்டிதான் நினைவுக்கு வருகிறது.

இனி, குள்ளர் என்ற உருவத்தின்மேல் நம் மரபு என்னென்ன ஏற்றி வைத்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன். மதுரைக்காரர்களுக்கு இதில் முதலில் வர வேண்டியவன் குண்டோதரன். திருவிளையாடற் புராணத்தில் மீனாட்சி திருமணம் முடிந்து, எல்லோரும் உண்ட பின்னும் சமைத்த சோறு மலையாய்க் கிடக்கிறது. அதைக் கேட்ட சுந்தரேசர் தம்மோடு வந்த குறட்பூதம் ஒன்றைக் காட்டி இவனுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்கிறார். மலையாய்க் கிடந்தது எல்லாம் தீர்ந்தும் அவன் பசி தீரவில்லை. அன்னக்குழிகளிலிருந்து தயிர்ச்சோறு எழுகிறது. பிறகு தாகம் எடுக்கிறது. ஊரில் நீர் போதவில்லை. கடைசியில் கங்கையை வரவழைத்து, கையை வை என்றதால் அந்த ஆறு வையை ஆனது என்பது கதை. ஒரு குள்ளனின் தாகத்துக்காக வந்த ஆற்றின் கரையில் நாம் குடியிருக்கிறோம். சித்திரைத் திருவிழாவின் இரண்டாம் நாள் சுவாமி பூத வாகனத்தில் வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பழைய கோயில்களில் கூரைக் கொடுங்கைக்குக் கீழே வரிசையாகச் செதுக்கியிருக்கும் பூதவரியை நின்று பாருங்கள். குட்டைக் கால், பானை வயிறு, ஒருவன் மத்தளம் அடிப்பான், ஒருவன் ஆடுவான், ஒருவன் பக்கத்தில் இருப்பவனை எட்டிப் பார்ப்பான். ஒரு குள்ளர் ஊரே கோயிலின் கூரையைத் தாங்கிக்கொண்டு கொண்டாட்டமாக இருக்கும்.

தமிழுக்கு இலக்கணம் தந்தவனாகப் புராணம் சொல்லும் அகத்தியனும் குள்ளன்தான். குறுமுனி என்பது அவன் பெயர். குடத்தில் பிறந்ததால் குடமுனி என்பது மற்றொரு பெயர். மலைமேல் இருப்பவன், கடலைக் குடித்தவன், வடக்கே தாழ்ந்து தெற்கே உயர்ந்த நிலத்தைத் தன் எடையால் சமன் செய்தவன், மதுரையில் இருந்ததாகச் சொல்லப்படும் சங்கத்தின் புலவன். குடத்திலிருந்து வந்த குள்ள முனிவனையும் தாழிக்குள் போன குள்ளப் பாட்டியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வரலாற்று உறவு எதையும் நான் இங்கே நிறுவவில்லை. ஒரு நாவலாசிரியருக்கு இந்த அண்மை பெரிய சொத்து என்று மட்டும் சொல்கிறேன். மூவடியால் உலகளந்த வாமனனும் குறளுருதான். முழ உயரத்தில் யானை பலம், குட்டை உடலில் அடங்காத பசி, மூன்றடியில் உலகம் என்று நம் கதைகள் சிறிய உருவத்தில் பெரியதை அடக்கிப் பார்ப்பதில் தீராத ஆசை கொண்டவை.

இதை ஒட்டி ஒரு சொல். சங்க இலக்கியத்திலும் சிலம்பிலும் வரும் 'குறள்' கற்பனை இனம் அன்று. அரண்மனையில் பணி செய்த மனிதர்கள். பாண்டிமாதேவி தான் கண்ட தீக்கனாவைச் சொல்ல அரசனிடம் போகும்போது கூனரும் குறளரும் சூழப் போகிறாள். கலித்தொகையின் 94-ஆம் பாட்டில் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் வழியில் சந்தித்து, ஒருவரை ஒருவர் ஏசி, பிறகு மனம் ஒப்பி, அரண்மனையில் உள்ளவர்கள் பார்த்துச் சிரிக்காத இடமாகப் பார்த்துப் போகிறார்கள். நிமிர்த்தி வைத்த சூதாட்டப் பலகையைப் போல இருக்கிறாயே என்று அவள் அவனைச் சொல்கிற இடம் கடுமையானது. ஆனால் பாட்டின் முடிவில் சிரிப்புக்கு அஞ்சுகிற அந்த இருவர் பக்கம்தான் நம் மனம் நிற்கிறது. உயரம் குறைந்த மனிதர்கள் இன்றும் நம் நடுவே, அதே சிரிப்பின் நடுவே, வாழ்கிறார்கள். உங்கள் குள்ளர் இனத்தை எழுதும்போது அவர்களில் ஒருவர் அந்தப் பக்கத்தை வாசிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பண்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். கல்லறைகளில் கிடைத்த பொருள்களே அதற்குப் போதும். பானையிலிருந்து தொடங்குங்கள். உள்ளே முழுக்கக் கறுப்பு, விளிம்பும் கறுப்பு, வெளியே வயிறு மட்டும் சிவப்பு. இதுதான் கறுப்பு-சிவப்புப் பானை. சூளையில் பானையைக் கவிழ்த்து, வாய்ப்புறம் தழையும் உமியுமாய் நிரப்பிச் சுட்டால், உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கும். வெளியே காற்றுப்பட்டுச் சிவக்கும். ஒரே நெருப்பில் இரண்டு நிறம். இறந்தவரோடு வைக்கும் பானைக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறையை நீங்கள் கற்பனையில் உண்டாக்கிவிட முடியாது. அடி உருண்டையான பானை தரையில் நிற்காது என்பதால் சுடுமண்ணிலேயே பிரிமணை செய்து அடியில் வைத்தார்கள். பழனிக்குத் தென்மேற்கே பொருந்தல் ஊரில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டிய ஒரு கல்லறையில் நான்கு கால் சாடி ஒன்றில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. அந்த நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் கிடைத்த ஒரு பிரிமணையில் 'வயிர' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறியிருந்தது. இறந்தவருக்குப் பசிக்கும் என்று நினைத்து யாரோ அளந்து போட்ட நெல் அது. அப்பத்தா சொன்ன பருப்புஞ் சோறு எத்தனை பழைய எண்ணம் என்று பாருங்கள்.

அடுத்தது மணி. மலைக்கல்லறைகளில் கிடைக்கும் சூதுபவளம் என்னும் சிவப்புக் கல் அந்த மலையில் விளைவதில்லை. வடக்கே தொலைவிலிருந்து வந்தது. அது இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் மிளகும் ஏலமும். மதுரையிலிருந்து சேரநாட்டுக் கடற்கரைக்குப் போகிற வழிகளில் ஒன்று அந்த மலையடுக்கை ஒட்டியே போயிற்று. மலைப்பொருளைக் கொடுத்து மணியை வாங்கியவர்கள் அவர்கள். ஆகவே உங்கள் மக்களை ஒதுங்கி வாழும் காட்டுவாசிகளாக எழுதாதீர்கள். சமவெளி வணிகச் சாத்து ஏறி வரும் நாளை எண்ணிக் காத்திருப்பவர்களாக, விலை தெரிந்தவர்களாக எழுதுங்கள். இரும்பும் அப்படித்தான். அம்புமுனை, கத்தி, வாள் எல்லாம் கிடைக்கின்றன. மலையடிவாரங்களில் இரும்பு உருக்கிய கசடு கிடக்கும். மழை பெய்த மறுநாள் போனால் கறுத்துப் பளபளவென்று தெரியும்.

கல்வேலையைச் சற்று நின்று எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். ஏனென்றால் இந்த இனத்தைப் பெற்றதே அந்த வேலைதான். அந்த மலைப்பாறை வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காய்ப் பிரியும் தன்மை உள்ளது. பாறைமேல் விறகை அடுக்கி எரித்துச் சூடேற்றித் தண்ணீரை ஊற்றினால் மேலடுக்கு பலகையாய் விட்டு எழும். கீழவளவு, மேலூர்ப் பக்கம் வயதான கல்லுடைப்பவர்கள் இன்றும் இந்த முறையை அறிவார்கள். உளியால் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் எங்கே ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். காதைப் பாறையில் வைத்துக் கேட்டுவிட்டு, "இங்க வேணாம், அழுகுது" என்று தள்ளிப்போய் உட்கார்ந்தார். பலகையை விட்டெடுத்த பின் அதை மரக்கட்டைகளின் மேல் உருட்டியும், மண்ணைச் சரிவாகக் குவித்து இழுத்தும் மேலே ஏற்ற வேண்டும். மழைக்கு முன் முடிக்க வேண்டும். ஊரே கூட வேண்டும். கூடியவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஒருவர் இறந்ததற்காக இத்தனை பேர் கயிறு பிடித்து இழுத்த அந்த நாள்தான் அவர்கள் சமுதாயம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற நாள். பலர் தோண்ட முடியாத வெறும் பாறையையே தேடிப் போய்க் கட்டியிருக்கிறார்கள். குழி வெட்ட முடியாததால் பெட்டியை மேலே வைத்தார்கள் என்றும் சொல்லலாம், தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்று விரும்பினார்கள் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதை நம்புகிறேன்.

மொழி என்ன என்று கேட்டால் தமிழ் என்பதே என் விடை. பிரிமணையில் கீறிய எழுத்து அதைத்தான் காட்டுகிறது. புரியாத ஒரு தனி மொழியை உண்டாக்குவதைவிட, இன்றைக்குத் தேய்ந்துபோன சொற்களை அவர்கள் வாயில் வையுங்கள்.

கடைசியாக, நெருப்பு மழை. அந்தப் பெரியவர் சொன்ன அழிவுக்கதை அருமையானது. கல்வீட்டுக்கும் ஊரில் இன்று அவர்கள் இல்லாததற்கும் ஒரே காரணமாக நெருப்பு மழையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் நடந்தது வேறு. யாரும் அழியவில்லை. கல்லறை கட்டும் வழக்கம்தான் படிப்படியாக நின்றுபோயிற்று. இறந்தோருக்குக் கல் நிறுத்துகிற எண்ணம் நடுகல்லாகத் தொடர்ந்தது, பிறகு அரசர்களைப் புதைத்த இடத்தில் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில்களாகவும் ஆயிற்று. கட்டியவர்களின் பேரப் பிள்ளைகளின் பேரப் பிள்ளைகள் அதே மலையில், அதே அடிவாரத்தில், மதுரைக்குப் போகிற அதே வழியில் இருந்துகொண்டு, தங்கள் முன்னோர் வைத்த கல்லைப் பார்த்து இது யாரோ குள்ளர் கட்டியது என்று சொல்லத் தொடங்கிய ஒரு காலம் உண்டு. எந்தத் தலைமுறையில் அது நிகழ்ந்தது என்று எந்த அகழாய்வும் சொல்லப் போவதில்லை. நான் நாவல் எழுதுகிறவனாக இருந்தால் அந்தத் தலைமுறையையே எழுதுவேன். கல்லின் பெயர் தெரிந்த கடைசிக் கிழவியும், அதைக் குள்ளர் வீடு என்று முதன்முதலில் சொன்ன சிறுவனும் ஒரே வீட்டில் இருக்கிற நாளை எழுதுவேன்.

போய்ப் பார்க்க விரும்பினால் வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்குப் பேருந்து இருக்கிறது. தை, மாசியில் மழை குறைந்து வானம் தெளிவாக இருக்கும். பல கற்திட்டைகள் தனியார் காப்பித் தோட்டங்களுக்குள் இருப்பதால் தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். புதையல் இருக்கும் என்று நம்பிப் பலர் தோண்டியதில் எத்தனையோ சரிந்துவிட்டன; சாய்ந்து நிற்கும் கல்லில் கை ஊன்ற வேண்டாம், உள்ளே கிடக்கும் ஓட்டுத்துண்டையும் எடுக்க வேண்டாம். ஓர் அளவுநாடா மட்டும் கொண்டுபோய் வாசலின் உயரத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் மக்கள் எத்தனை உயரம் என்பதை அங்கிருந்துதான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.